கன்னியம்மாள் மாற்றிய கார்புரேட்டர்

கன்னியம்மாளுக்கு மூக்கின் மேல் கோபம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தக் கோபம் மட்டும் இல்லையென்றால் அவள் ஒரு ஸ்பானரைக்கூடக் கையால் தொட்டிருக்க மாட்டாள்.

பொதட்டூர்பேட்டையில் மூன்று தறி ஓடிய வீட்டில் பிறந்தவள். எட்டு வயதில் ஊடை நூலைத் தாராகச் சுற்ற உட்கார்ந்தாள். ராட்டையைச் சுற்றிக்கொண்டே, பின்னால் ஓடும் மூன்றில் எந்தத் தறியின் அடி பிசகியது என்று திரும்பிப் பார்க்காமல் சொல்வாள். "நடுத் தறி, நைனா" என்பாள். அப்பா போய்ப் பார்த்தால் நடுத் தறியில்தான் இழை அறுந்திருக்கும். இதை அந்த வீட்டில் யாரும் ஒரு திறமையாக எடுத்துக்கொள்ளவில்லை. சமையல் செய்கிறவளுக்குத் தீய்ந்த வாசனை தெரிவதைப் போல, நெசவு வீட்டுப் பெண்ணுக்குச் சத்தம் தெரிகிறது, அவ்வளவுதானே என்று விட்டுவிட்டார்கள்.

திருத்தணியில் அத்தை மகன் ராஜமாணிக்கத்துக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். சின்ன வயதிலிருந்து பாவா என்று கூப்பிட்டவனையே கட்டிக்கொண்டதால் புதிதாகக் கூப்பிடப் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. அவன் பவர்லூம் ஷெட்டில் வேலை பார்த்தான். இருபது தறி ஒரே கூரையின் கீழ் அடிக்கிற இடம். பதினோரு வருஷம் அதற்குள் நின்றான். முதலில் காதில் இரைச்சல் வந்தது, பிறகு மந்தம் வந்தது, முப்பத்தைந்து வயதில் சுத்தமாக ஒன்றும் கேட்கவில்லை. காதை எடுத்துக்கொண்ட ஷெட்டே, "கூப்ட்டா திரும்ப மாட்றியேப்பா" என்று அவனை வெளியே அனுப்பியது. நியாயத்தைப் பாருங்கள்.

ராஜமாணிக்கம் சோர்ந்து உட்கார்கிற ஆள் இல்லை. ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் பழைய ஜாவா மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. அறுபத்தொன்றில் ரோட்டில் இறங்கிய வண்டி. பக்கத்தில் ஒற்றைச் சக்கரம் போட்டு, ஆள் உட்கார்கிற தொட்டிக்குப் பதிலாக மரப்பெட்டி அடித்திருந்தார்கள். அதை வாங்கி, பொதட்டூர்பேட்டை நெசவாளர் சங்கத்தின் லுங்கிச் சிப்பங்களைத் திருத்தணி ரயில்வே ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வேலையைப் பிடித்தான். காது கேட்காதவன் எப்படி வண்டி ஓட்டினான் என்று கேட்பீர்கள். இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்து ஓட்டினான். லைசென்ஸ் காது போவதற்கு முன்னால் எடுத்தது. அதைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

யாராவது அவனிடம் பேசினால், அவன் பேசுகிறவரைப் பார்க்க மாட்டான், பக்கத்தில் நிற்கும் கன்னியம்மாளின் வாயைப் பார்ப்பான். வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுகிறவர்களும் மீசைக்குள் பேசுகிறவர்களும் அவனுக்குப் புரியாது. கன்னியம்மாள் அதையே உதட்டை நன்றாக அசைத்து, சத்தமில்லாமல் திருப்பிச் சொல்வாள். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிடும். வெளியூர்க்காரர்கள் பலருக்கு அவன் செவிடு என்றே தெரியாது.

ஆனால் வண்டியின் வாயை யார் பார்த்துச் சொல்வது? இன்ஜின் திக்கினாலும் இருமினாலும் அவனுக்குத் தெரியாது. ஒரு நாள் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த கன்னியம்மாளின் கை நின்றது. நேற்று இருந்த சத்தம் இல்லை. வெளியே வந்து, "பாவா, வண்டி இருமுது" என்றாள். அவன் அதை அப்படியே நம்பி அரக்கோணம் ரோட்டில் ஷெட் வைத்திருந்த நாகராஜனிடம் கொண்டுபோனான்.

நாகராஜன் கெட்டவன் இல்லை. நல்ல வேலைக்காரன், வாய்தான் கொஞ்சம் நீளம். கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் வருகிற ஜெட்டின் சின்னத் துளையை இரும்புக் கம்பியால் குடைந்து சுத்தம் செய்து மாட்டினான். வண்டி ஓடியது. ஆனால் கன்னியம்மாளின் காதுக்கு அது நிறையக் குடித்தவன் ஏப்பம் விடுவதுபோல் இருந்தது. பெட்ரோலும் கூடுதலாகச் செலவானது. பித்தளைத் துளையை இரும்பால் குடைந்தால் துளை அகலமாகாமல் என்ன செய்யும்? நேராக ஷெட்டுக்குப் போய் அதைச் சொன்னாள்.

நாகராஜன் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "யக்கா, நீங்க வூட்ல ரசத்துக்கு உப்பு கீதா பாருங்க. ஜெட்ட நான் பாத்துக்கறேன்."

சுற்றி நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் அந்தக் கோபம் வேலை செய்தது. வீட்டுக்கு வந்து, கணவனை உட்காரவைத்து, முறத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கார்புரேட்டரை அவளே கழற்றினாள். கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையில் முறத்தில் அடுக்கினாள். பாவு இழையை ஒன்று மாற்றிப் போட்டால் புடவை முழுக்கப் பிசகும் என்று தெரிந்த கை அது, திருகாணியை மாற்றிப் போடுமா? ஜெட்டைச் சுத்தம் செய்யக் கம்பியைத் தொடவில்லை. சன்ன நூலில் ஒரு முழம் எடுத்து, கஞ்சியில் தோய்த்து, விறைக்கக் காயவைத்து, அதைத் துளைக்குள் விட்டு உருவினாள். அழுக்கு வந்தது, பித்தளை தேயவில்லை. ஆனால் ஏற்கெனவே அகலமான துளை சுருங்காது, அதனால் பழைய சாமான் கடையில் குடையாத ஜெட் ஒன்றை அதே அளவில் தேடி வாங்கி மாட்டினாள். இருமல் நின்றது, ஏப்பமும் நின்றது. அதற்குப் பிறகு அந்த வண்டி நாகராஜன் ஷெட்டுப் பக்கம் போனதில்லை.

இப்படி நாலு வருஷம் ஓடியது. எழுபத்து நாலில்தான் சோதனை வந்தது.

கார்புரேட்டரை வண்டியின் மூக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றும் பெட்ரோலும் அங்கேதான் கலந்து உள்ளே போகும். உள்ளே ஒரு உருளை மேலும் கீழும் போய்வந்து, எவ்வளவு மூச்சு விடலாம் என்று தீர்மானிக்கும். பதிமூன்று வருஷம் உரசி உரசி அந்த உருளையும் தேய்ந்துவிட்டது, அது ஓடும் குழாயும் தேய்ந்துவிட்டது. வேண்டாத காற்று பக்கவாட்டில் நுழைந்தது. ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் இன்ஜின் அடங்காமல் கத்தும், மேட்டில் ஏறும்போது சுருதி இறங்கி மூச்சு வாங்கும். ஒரு நாள் கனகம்மாசத்திரம் போய்த் திரும்பும்போது கத்திக்கொண்டே போய் ஒரு மாட்டுவண்டியில் இடிக்கப் பார்த்தது. நூலும் கஞ்சியும் இதற்கு உதவாது. கன்னியம்மாள் கோபத்தை முழுங்கிக்கொண்டு நாகராஜனையே கூப்பிட்டுக் காட்டினாள்.

அவன் உண்மையாகவே பார்த்தான். உருளையை ஆட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "முடிஞ்சி போச்சிக்கா. இந்த மாடல் இப்ப எங்கியும் கெடைக்காது. வேற வண்டியுத போட்டா வாய் அளவு சேராது, ஜெட் சேராது. எடைக்குப் போட்டுடுங்க."

அந்த வாரமே சங்கத்துச் செயலாளர் பாலசுப்பிரமணியன் வீட்டுக்கு வந்தார். தன்மையான மனிதர், ஆனால் பின்னால் நூறு நெசவாளிகள் நிற்கிறார்கள். தீபாவளிச் சரக்கு ரயிலைத் தவறவிட்டால் அவரைத்தான் பிடித்து உலுக்குவார்கள்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. அரக்கோணத்துல ஒருத்தரு வேன் வெச்சிகினு கேட்டுகினே கீறாரு. ஆயுத பூஜை முடிஞ்ச மூணாம் நாளு பெரிய லோடு, ஆறு சிப்பம். நாலரைக்கு பார்சல் ஆபீஸ் மூடறதுக்குள்ள அத்த நீங்க கொண்டாந்துட்டா வேலை உங்களுது. இல்லன்னா நான் வேனுக்குச் சொல்லிடுவேன்."

கன்னியம்மாள் அதை உதட்டசைவில் கணவனுக்குச் சொன்னாள். அவன் தலையாட்டினான். செயலாளர் போன பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினான். நகரியில் சின்ன ஷெட் வைத்திருக்கும் அவன் தம்பி சின்னசாமி எழுதியது. வண்டியை விற்றுவிட்டு இங்கே வந்துவிடு அண்ணா, வாட்ச்மேனாக உட்கார்ந்துகொள் என்று எழுதியிருந்தான். காது கேட்காதவனை வாட்ச்மேனாக உட்காரவைத்துச் சோறு போடுவதற்குப் பெயர் வேலை இல்லை, தர்மம். தம்பி நல்ல எண்ணத்தில்தான் எழுதினான். அதனால்தான் அது இன்னும் அதிகமாக வலித்தது. அன்று மத்தியானம் ராஜமாணிக்கம் சாப்பிடவில்லை, தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துபோய்ப் பெட்டி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஓடாத வண்டியைத் துடைக்கிறவனைப் பார்த்துவிட்டுக் கன்னியம்மாள் உள்ளே போய் ஒயர் கூடையைத் தேடி எடுத்தாள்.

மறுநாள் காலை ரயிலில் ஏறி மெட்ராஸ் போனாள். ஒயர் கூடையில் பழைய கார்புரேட்டர் துணி சுற்றிக் கிடந்தது. புதுப்பேட்டையில் பழைய உறுப்புகள் விற்கும் கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். ஜாவாவுடையது கிடைக்கவில்லை. நாகராஜன் சொன்னது சரிதான். அதனால் வேறு வண்டிகளின் கார்புரேட்டர்களை எடுத்தாள். ஒவ்வொன்றையும் காதருகே வைத்து, உள்ளே உருளையை மேலும் கீழும் ஓடவிட்டுக் கேட்டாள். ஆடினால் சொடசொடவென்று சத்தம் வரும்.

கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இன்னாம்மா, சங்கா அது, காதுல வெச்சி கேக்கற?" என்றார்.

"ஆங். கடல் சத்தம் கேட்டா வெச்சிட்டுப் போயிடுவேன்" என்றாள் கன்னியம்மாள்.

எட்டை ஒதுக்கினாள். ஒன்பதாவது சத்தமே போடவில்லை. உருளை எண்ணெயில் வழுக்குவதுபோல் ஓடியது. வேறொரு கம்பெனி வண்டியுடையது, இன்ஜினில் மாட்டுகிற கழுத்து அளவு ஒரு நூல் பெரிது. அதற்குப் பொருந்துகிற ஜெட் மூன்று, சின்னது நடுவானது பெரியது என்று கேட்டு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினாள்.

விஷயம் நாகராஜன் காதுக்குப் போயிற்று. டீக்கடையில் அவன் சொன்னது பத்தே நிமிஷத்தில் கன்னியம்மாளிடம் வந்து சேர்ந்தது. "செவிடன் வண்டிக்கு அவன் பொண்டாட்டி மெக்கானிக்காம்பா. நல்லா இருக்குது ஜோடி." அவனிடம் போய்ச் சண்டை பிடிக்க அவளுக்கு இரண்டு நிமிஷம் போதும். போகவில்லை. அந்த இரண்டு நிமிஷத்தையும் வண்டியிடமே செலவழித்தாள்.

கழுத்து தொளதொளவென்று இருந்தது. பவுடர் டப்பாவை வெட்டி, தகட்டை இன்ஜின் வாயில் ஒரு சுற்றுச் சுற்றி, அதன்மேல் மாட்டி இறுக்கினாள். இன்ஜினை ஓடவிட்டு, கோழி இறகில் எண்ணெய் தொட்டு அந்த இடுக்கைச் சுற்றித் தடவினாள். காற்று கசிந்தால் எண்ணெய் அதை அடைக்கும், அடைத்த நொடியில் சத்தம் மாறும். இரண்டு முறை மாறியது, இரண்டு முறையும் கழற்றித் தகட்டை நெருக்கினாள். மூன்றாம் முறை இறகு முழுச் சுற்று வந்தும் சத்தம் மாறவில்லை.

இனி ஜெட். வீட்டு வாசலில் நிறுத்திவைத்து முறுக்கினால் எந்த வண்டியும் ஒழுங்காகத்தான் ஓடும். சுமையோடு மேட்டில் ஏறும்போதுதான் அதன் வண்டவாளம் தண்டவாளம் ஏறும். அதனால் பெட்டி நிறையச் செங்கல் அடுக்கி, முருகன் கோயில் மலைக்கு வண்டி போகிற பாதைக்குக் கொண்டுபோனார்கள். ராஜமாணிக்கம் கீழேயிருந்து ஓட்டி வருவான். கன்னியம்மாள் இரண்டாவது வளைவின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கேட்பாள். கூப்பிட்டால் அவனுக்குக் கேட்காது, அதனால் கையில் இரண்டு லுங்கித் துண்டுகள். சிவப்பைக் காட்டினால் நிறுத்தித் திரும்பு, பச்சையைக் காட்டினால் ஏறு.

மொட்டை போட்டுக்கொண்டு சந்தனத் தலையோடு இறங்கி வந்த ஒருவர் நின்று, "இன்னாம்மா, இந்தப் பக்கம் ரயிலு வருதா?" என்றார்.

"ரயிலு இல்லீங்க, எங்க வூட்டுக்காரரு வராரு."

முதல் ஏற்றத்தில் இன்ஜின் காய்ந்த தொண்டையில் கத்தியது. சிவப்பு. பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பெட்ரோல் போதவில்லை, சின்ன ஜெட் ஆகாது. பெரியதை மாட்டியபோது கொழகொழவென்று தடுமாறி ஏறியது. பிளக் கரிச்சட்டி மாதிரி இருந்தது. நடுவானது மாட்டினாள். மேல் வேகத்தில் சரியாகிவிட்டது, பாதி வேகத்தில் ஏதோ ஒன்று இடித்தது. என்னவென்று அவள் காதுக்குப் பிடிபடவில்லை. ராஜமாணிக்கம்தான் சொன்னான். "புள்ளையார் கோயில் தாண்டறப்போ தொடையில குத்துது கன்னி. ரெண்டு எடத்துல."

இத்தனை வருஷம் ஓட்டி ஓட்டி அவன் வண்டியைத் தொடையால் கேட்கப் பழகியிருந்தான் என்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. பாதி வேகத்தில் பெட்ரோலை அளந்து விடுவது கார்புரேட்டருக்குள் தொங்கும் ஊசி, அதை ஒரு வெட்டு உயர்த்தி மாட்டினாள். காற்றுத் திருகாணியை முழுக்க இறுக்கி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினாள். அவள் காது ஒரு பக்கம், அவன் தொடை ஒரு பக்கம், இரண்டு நாள் அந்த மலையை விடவில்லை. பதினான்காவது ஏற்றத்தில், செங்கல் சுமையோடு, வண்டி ஒரு முக்கல் முனகல் இல்லாமல் வளைவு திரும்பி அவளைத் தாண்டிப் போனது. தறி நன்றாக ஓடும்போது அடிக்கு அடி ஒரே சீராக விழுமே, அப்படி விழுந்தது. பிளக் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது. கன்னியம்மாள் சுவரின்மேல் ஏறி நின்று பச்சைத் துண்டை ஆட்டினாள், இறங்க மனம் வராமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் மத்தியானம் இருவரும் பொதட்டூர்பேட்டை போனார்கள். காலி வண்டி, காற்றாகப் பறந்தது. சங்கத்து வாசலில் ஆறு சிப்பங்களையும் பெட்டியில் ஏற்றிக் கயிறு கட்டியாயிற்று. பிறந்த ஊர். தெரிந்த முகங்கள் பத்துப் பதினைந்து வேடிக்கை பார்க்கச் சேர்ந்துவிட்டன. புதிதாக ஒன்று வந்தால் முதல் வேலைக்கு முன்னால் பொட்டு வைக்காமல் அனுப்புகிற வழக்கம் அங்கே இல்லை. தறிக்கு வைப்பார்கள், அச்சுக்கு வைப்பார்கள், தராசுக்கும் வைப்பார்கள். கன்னியம்மாள் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தாள். வழக்கமாக ஹெட்லைட்டுக்கு வைப்பவள், அன்றைக்கு எல்லோரும் பார்க்கட்டும் என்று குனிந்து கார்புரேட்டருக்கே வைத்தாள். பெட்ரோல் வந்து தங்குகிற கிண்ணத்தின் வட்ட மூடி பளபளவென்று நெற்றி மாதிரி இருந்தது. நடுவில் பொட்டு வைக்க அடையாளம் செய்ததுபோல் ஒரு புள்ளி வேறு. அதன்மேல் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்பினார்கள். மணி மூன்று.

இரண்டு மைல் தாண்டியதும் வண்டி நின்றது.

இருமவில்லை, திக்கவில்லை. விளக்கில் எண்ணெய் தீர்ந்ததுபோல் அடங்கி நின்றது. கன்னியம்மாள் பின்சீட்டிலிருந்து குதித்தாள். டேங்க்கில் பெட்ரோல் இருந்தது. குழாயை உருவிப் பார்த்தால் பெட்ரோல் கொட்டியது. பிளக் நல்ல பிளக். மாட்டி உதைத்தால் ஓடியது. ஏறி உட்கார்ந்தாள். அரை மைல் போய் மறுபடி நின்றது. ஐந்து நிமிஷம் நின்று உதைத்தால் ஓடும், அரை மைலில் நிற்கும். மூன்று முறை இப்படி. மணி மூன்று முப்பத்தைந்து.

கன்னியம்மாள் ஸ்பானரைக் கீழே வைத்தாள். நாகராஜன் சொன்னது உண்மையோ, வேற வண்டியுடையது சேராதோ, மலையில் ஓடியதெல்லாம் வெறும் ஆட்டமோ என்று நினைத்தாள். பெட்டியில் ஆறு சிப்பம், ஆறு சிப்பத்துக்குப் பின்னால் நகரி ஷெட்டும் வாட்ச்மேன் முக்காலியும் இருந்தன. ராஜமாணிக்கம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா திருத்தணி பஸ் வரவேண்டும்? ஜன்னலோரம் நாகராஜன். பஸ் வேகம் குறைத்துத் தாண்டும்போது தலையை வெளியே நீட்டினான். "இன்னாக்கா, பொட்டு வெச்சி தள்ளிகினு வரீங்களா? நான் போய் பாலு சார்கிட்ட சொல்லிடறேன், வேன அனுப்பச் சொல்லி!"

"சொல்லுடா! போய்ச் சொல்லு!" என்று கத்தினாள் கன்னியம்மாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அது துக்கமா கோபமா என்று கேட்டால் கோபம்தான். அந்தக் கோபத்தோடு குனிந்து கார்புரேட்டரை முறைத்தாள். பெட்ரோல் குழாயில் வருகிறது. கிண்ணத்துக்குள் போகவில்லை. ஏன் போகவில்லை? கிண்ணத்தின் மூடித் திருகாணியைக் கால் சுற்றுத் தளர்த்தினாள்.

'உஸ்' என்று ஒரு சத்தம். மிகச் சின்னது. ரோட்டில் நின்ற வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது.

மூச்சு முட்டியவன் வாயைத் திறந்ததும் இழுப்பானே, அந்த இழுப்பு. கிண்ணத்துக்குள் காற்று போகிறது. அப்படியானால் இத்தனை நேரம் போகவில்லை. காற்று போனால்தானே பெட்ரோல் இறங்கும்? காற்று போக வழி எங்கே?

மூடியின் நடுவில் இருந்தது வழி. பொட்டு வைக்க அடையாளம் செய்ததுபோல் இருந்த புள்ளி. பழைய கார்புரேட்டரில் அந்த ஓட்டை பக்கவாட்டில் எங்கோ இருந்தது, பொட்டும் ஹெட்லைட்டோடு நின்றுவிடும். இதில் நட்ட நடுவில். இன்ஜின் சூட்டில் சந்தனம் ஓடாகக் காய்ந்து துளையை மெழுகியிருந்தது.

கன்னியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவமே! முருகா, உனக்கு வெக்கற பொட்ட இது மூக்குல வெச்சிட்டேனே!" என்று நடுரோட்டில் நின்று சிரித்தாள். ராஜமாணிக்கம் அவள் உதட்டைப் படித்துவிட்டு, மூடியைப் பார்த்துவிட்டு, அவனும் சிரித்தான். வேலியிலிருந்து ஒரு கருவேல முள்ளை ஒடித்து அவனே கொடுத்தான். சந்தனத்தைச் சுரண்டி, துளையை முள்ளால் திறந்து, பெட்ரோலால் கழுவி, திருகாணியை இறுக்கினாள். ஒரே உதை. மணி மூன்று ஐம்பது.

அதற்குப் பிறகு வண்டி எங்கேயும் நிற்கவில்லை. ஆறு சிப்பமும் பின்சீட்டில் அவளும். மேடு வந்தது தெரியவில்லை, பள்ளம் வந்தது தெரியவில்லை. பஸ்ஸைப் பிடிக்க முடியவில்லை என்பது மட்டும்தான் அவளுக்குக் குறை.

ஸ்டேஷன் பார்சல் ஆபீஸ் வாசலில் பாலசுப்பிரமணியன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நாகராஜன். வேனுக்கு ஆள் அனுப்ப வாயெடுத்தவர் வண்டி திரும்புவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நாலே கால். போர்ட்டர்கள் வந்து சிப்பங்களை இறக்கினார்கள். ஆறும் ஜன்னலுக்குள் போய் ரசீது வந்த பிறகுதான் செயலாளர் மூச்சு விட்டார்.

"வழியில நின்னு போச்சின்னாரே நாகராஜன்? இன்னா ஆச்சி?"

"என் தப்புதாங்க" என்றாள் கன்னியம்மாள். "காத்து போற ஓட்டையில சந்தனத்த வெச்சி அடைச்சிட்டேன். கார்புரேட்டரு மேல ஒரு குத்தமும் இல்ல."

நாகராஜன் குனிந்து வண்டியைச் சுற்றி வந்தான். தகடு சுற்றிய கழுத்தைத் தடவிப் பார்த்தான். ஒரு உதை உதைத்து ஓடவிட்டுக் கேட்டான். சிரிப்பு வரவில்லை அவனுக்கு. காற்றுத் திருகாணியைத் தொட வந்த கையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தான். ஒரு வேலைக்காரனிடமிருந்து அதைவிட என்ன பாராட்டு வேண்டும்?

"சரிம்மா, தீபாவளி லோடு பூரா உங்களுதுதான். அடுத்த வருஷமும் பாத்துக்கலாம்" என்றார் பாலசுப்பிரமணியன். பிறகு கார்புரேட்டரைக் கையால் காட்டியபடி ராஜமாணிக்கத்தின் பக்கம் திரும்பினார். "ஆனா இத்த சொல்லணும். நாகராஜனே கைவிட்ட வண்டி. யாரப்பா அந்த மெக்கானிக்கு? மெட்ராஸ்ல இருந்து ஆள் வந்தாரா?"

வழக்கம்போல் ராஜமாணிக்கம் மனைவியின் வாயைப் பார்த்தான். வழக்கம்போல் அவள் சொல்லவேண்டும். ஊரோடு மல்லுக்கட்டத் தெரிந்தவளுக்கு, தன்னைப் பற்றித் தானே எப்படிச் சொல்வது என்று கூச்சமாகிவிட்டது. தப்பை ஒப்புக்கொள்ள வாய் வந்தது, இதற்கு வரவில்லை. கணவனைப் பார்த்து உதட்டை அசைத்தாள். "சாப்ட்டியான்னு கேக்கறாரு."

ராஜமாணிக்கம் அவளைப் பார்த்தான். செயலாளரைப் பார்த்தான். செயலாளரின் கை இன்னும் கார்புரேட்டரைக் காட்டிக்கொண்டிருந்தது. வண்டியை விட்டு முன்னால் வந்து நேராக நின்றான்.

"எனக்குக் காதுதாங்க கேக்காது. கண்ணு நல்லா தெரியும்." தன் குரல் எவ்வளவு உயரம் போகிறது என்று அவனுக்குத் தெரியாது. அது பார்சல் ஆபீசைத் தாண்டி, பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நின்றவர்கள் வரைக்கும் போயிற்று. "இத்த ரிப்பேர் பண்ணது இவ. என் பொண்டாட்டி. மெட்ராஸ் போயி வாங்கியாந்தது இவ, மாட்டனது இவ, மலையில ரெண்டு நாளு ஒக்காந்து சரி பண்ணது இவ. இந்த ஊர்ல இவளுக்கு மேல ஒரு மெக்கானிக் இருந்தா காட்டுங்க, நான் வண்டிய எடைக்குப் போட்டுடறேன்!"

போர்ட்டர்கள் திரும்பினார்கள். டிக்கெட் வரிசை திரும்பியது. நாகராஜன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆங், சரிதான்" என்றான், சின்னக் குரலில். கன்னியம்மாளுக்கு முகமெல்லாம் சூடேறியது. எண்ணெய்க் கையைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு, கணவன் பார்க்கும்படி உதட்டை நன்றாக அசைத்தாள்.

"கத்தாதீங்க பாவா. ஊரே பாக்குது."

"பாக்கட்டும்னுதான் கத்தனேன்" என்றான் ராஜமாணிக்கம்.